மொட்டை மாடியிலிருந்து தெரிந்த விடை

2020 மே மாதம். யாரும் வீட்டை விட்டு வெளியே போக முடியாத நாட்கள். நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்பில் முப்பத்திரண்டு வீடுகள். வாட்ஸ்அப் குழுவில் காலையில் நோய்த்தொற்று எண்ணிக்கை வரும், மதியம் எந்த வண்டியில் காய்கறி வந்திருக்கிறது என்ற தகவல் வரும், இரவில் யாரோ அனுப்பிய கஷாயக் குறிப்பு வரும். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அரை மணி நேரமாவது வேறு எதையாவது பேசுவோமே என்று பத்துப் பொது அறிவுக் கேள்விகளை எழுதிக் குழுவில் போட்டேன். அன்று தொடங்கிய வினாடி வினா இன்றும் ஞாயிறு மாலை ஏழு மணிக்கு நடக்கிறது. 250 வாரங்களைத் தாண்டிவிட்டோம். வீடு மாறிக் கோயம்புத்தூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள்கூட இதற்காகவே குழுவில் இருக்கிறார்கள்.

எங்கள் தெருவிலும் தொடங்க வேண்டும், அலுவலக நண்பர்களுக்கு நடத்த வேண்டும், எப்படி என்று சொல்லுங்கள் எனச் சிலர் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொன்னதைச் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வாரம் பத்துக் கேள்விகளும் ஆறு நிமிடத்தில் முடிந்தன. ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது என்று நான் கேட்டு முடிப்பதற்குள் கான்பரா என்று பதில் வந்துவிட்டது. பத்தில் எட்டுக்கு விடை சொன்னவர் ஒரே ஆள், மூன்றாம் மாடியில் இருக்கும் கல்லூரி மாணவர். மற்றவர்கள் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள். நன்றாகத்தான் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரவு தரைத்தளத்துத் தாத்தா தொலைபேசியில் கூப்பிட்டார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அப்போதே எழுபத்தெட்டு வயது. "எனக்கு ஏழு கேள்விக்கு விடை தெரியும் அம்மா. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. பொது அறிவைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு நான் கட்டைவிரல் வேகத்தைச் சோதித்திருக்கிறேன்.

அடுத்த வாரமே முறையை மாற்றினேன். ஏழு மணிக்குப் பத்துக் கேள்விகளும் ஒன்றாகக் குழுவில் வரும். விடைகளை ஏழரை மணிக்குள் என் எண்ணுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். தட்டச்சு செய்யலாம், தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பலாம், குரல் பதிவாகவும் சொல்லலாம். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறையாது. முந்தி அனுப்பியவருக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் கிடையாது. அந்த வாரம் பதினேழு வீடுகளிலிருந்து விடை வந்தது. தாத்தாவின் குரல் பதிவு ஐந்து நிமிடம் ஓடியது. ஒவ்வொரு விடைக்கும் காரணத்தோடு சொல்லியிருந்தார்.

அரை மணி நேரம் கொடுத்தால் தேடிப் பார்த்து எழுதிவிடுவார்களே என்ற கேள்வி எழும். எழுந்தது. தேடக் கூடாது என்று விதி எழுதிப் பார்த்தேன். விதி எழுதியதும் ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம் வந்ததுதான் மிச்சம். ஒரே வாரத்தில் அதை எடுத்துவிட்டேன். யாரையும் காவல் காப்பதைவிடக் கேள்வியை வேறு விதமாக எழுதுவதே வழி என்று புரிந்தது. இந்த ஐந்தாண்டுகளில் நான் உண்மையாகக் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சென்னை விவேகானந்தர் இல்லத்தின் பழைய பெயர் என்ன? ஐஸ் ஹவுஸ். தெரிந்தவர் எழுதிவிடுவார், தெரியாதவர் தேடி எழுதுவார். இருவருக்குமே அதில் எந்தச் சுவையும் இல்லை. அதே செய்தியை இப்படி மாற்றினேன்: "1840களில் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்திலிருந்து கப்பலேறி, மாதக்கணக்கில் கடலில் மிதந்து சென்னைக்கு ஒரு சரக்கு வந்தது. மரத்தூளில் பொதிந்து அனுப்புவார்கள். அப்படியும் புறப்பட்ட எடை வந்து சேராது. வழியில் யாரும் திருடவும் இல்லை. அதைச் சேமித்து வைக்கக் கட்டிய கட்டடம் மெரினாவுக்கு எதிரே இன்றும் நிற்கிறது. அது என்ன சரக்கு?"

அன்று இரண்டாம் மாடியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் எனக்கு அனுப்பிய விடையை இன்னும் வைத்திருக்கிறேன். "திருடாமலே குறைகிறது என்றால் உருகியிருக்க வேண்டும். ஐஸ்." அவள் ஐஸ் ஹவுஸ் பக்கம் போனதே இல்லை. அந்த ஐஸை அனுப்பிய டியூடர் என்ற அமெரிக்க வணிகரையோ, 1897-ல் விவேகானந்தர் அந்தக் கட்டடத்தில் தங்கியதையோ கேள்விப்பட்டதும் இல்லை. விடையை அவளே கண்டுபிடித்தாள். அந்த வாரம் அவள் வீட்டில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள் என்று அவள் அம்மா சொன்னார்.

பல ஆண்டுகளுக்கு முன் சுதந்திர தினத்தன்று சென்னையில் நடந்த லேண்ட்மார்க் வினாடி வினாவுக்குப் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் விடையை அறிவிக்கும்போது அரங்கம் முழுவதும் ஒரே மூச்சாக "அட!" என்று ஒரு சத்தம் எழும். தெரியாததைத் தெரிந்துகொண்ட சத்தம் அப்படி இருக்காது. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததைத் தவறவிட்டவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். நான் கேள்வி எழுதி முடித்ததும் அந்த அரங்கத்தை நினைத்துக்கொள்வேன். விடையைச் சொன்னால் "அட" என்பார்களா, "அப்படியா" என்பார்களா? "அப்படியா" என்றால் அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிடுவேன்.

2021 ஏப்ரலில் கேட்ட ஒரு கேள்வி எங்கள் குடியிருப்பில் இன்னும் பேசப்படுகிறது. "எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-ல் அறிவித்தார்கள். அந்த உயரத்தைக் கணக்கிட உதவிய மாபெரும் நில அளவைப் பணியின் முதல் சங்கிலி 1802 ஏப்ரல் 10 அன்று ஓரிடத்தில் தரையில் வைக்கப்பட்டது. அந்த இடத்தின் அடையாளம் இப்போது நம் மொட்டை மாடிக்குப் போனால் கண்ணுக்குத் தெரியும். எது?"

ஏழு பத்துக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. நானும் போய்ப் பார்த்தேன். முகக்கவசத்தோடு, தள்ளித் தள்ளி, பதினைந்து பேராவது இருப்பார்கள். நன்றாக இருட்டிவிட்டிருந்தது. விமான நிலையத்தின் பக்கம் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் பரங்கிமலை உச்சியில் தேவாலயத்தின் விளக்குகள் தெரிந்தன. "மலைதானே? பரங்கிமலைதானே?" என்று ஒரு பையன் கத்தினான். தனியாக அனுப்ப வேண்டிய விடையை அவன் ஊருக்கே சொல்லிவிட்டான். அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் மதிப்பெண் கொடுத்தேன்.

வில்லியம் லாம்ப்டன் அங்கே நூறு அடி நீள எஃகுச் சங்கிலியால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிப்படைக் கோட்டை அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதையும் அளந்துகொண்டு போன பணி, அவர் காலத்துக்குப் பிறகு இமயமலை வரை சென்றது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர்தான் சிகரத்துக்கு வந்தது. இதையெல்லாம் அன்று இருட்டில் நின்றுகொண்டு சொன்னேன். இத்தனை வருடமாக நான் துணி காயப்போடும் இடத்திலிருந்து தெரியும் மலை அது.

இப்படிப்பட்ட கேள்விகள் எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் சமையலறையிலும் பேச்சிலும் இருந்துதான். ஒரு முறை நான்கு பெயர்கள் கொடுத்தேன்: மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வாழைக்காய். ஐரோப்பியர் கப்பலில் வருவதற்கு முன்பே நம் முன்னோர் சமைத்தது இவற்றில் எது? நாலாம் மாடி மாமி அதுவரை ஒரு வாரம்கூடக் கலந்துகொண்டதில்லை. இதெல்லாம் படித்தவர்களுக்கு என்று ஒதுங்கியிருந்தார். அன்று அவரிடமிருந்து முதல் குரல் பதிவு வந்தது. "வாழைக்காய்தான். மற்ற மூன்றையும் திவசத்துக்குச் சமைக்க மாட்டோமே. மிளகுதான் போடுவோம். பின்னால் வந்த காய்களாக இருப்பதால்தான் சேர்ப்பதில்லை என்று என் மாமியார் சொல்வார்."

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில் விளைந்தவை. 1492-ல் கொலம்பஸ் கடல் கடந்ததற்குப் பிறகுதான் மற்ற கண்டங்களுக்குப் பரவின. மிளகாய் என்ற சொல்லைப் பிரித்தாலே மிளகு முந்தியது என்று தெரிந்துவிடும். புத்தகத்தில் நான் படித்ததை மாமி அடுப்படியிலேயே வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறவிட்டதில்லை.

மயில்துத்தம் என்றால் என்ன என்று கேட்டபோது வேறொன்று நடந்தது. பாட்டிக்குச் சொல் தெரியும், அதன் மயில்கழுத்து நீல நிறம் தெரியும். ஆங்கில வழியில் படிக்கும் பேரனுக்குக் காப்பர் சல்பேட் தெரியும். இரண்டும் ஒன்று என்பது இருவருக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் விடை வரும். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு கேள்வியாவது இரண்டு தலைமுறை சேர்ந்து விடை காணும்படி வைக்கிறேன். இதை யார் வினாடி வினா தொடங்கினாலும் கட்டாயம் செய்யச் சொல்வேன்.

இனி, நான் செய்த தவறுகள்.

"உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை எது?" என்று ஒரு வாரம் கேட்டேன். விடை மெரினா என்று பள்ளியில் படித்தது, வீட்டில் கேட்டது, ஊரே சொல்வது. விடை அனுப்பிய இருபத்தொன்பது பேரில் இருபத்தாறு பேர் மெரினா என்றே எழுதினார்கள். புவியியல் படிக்கும் ஒரு பெண் மட்டும் விடை எழுதாமல் திருப்பிக் கேட்டாள்: "ஆன்ட்டி, அப்படியானால் முதலாவது எது? மூன்றாவது எது?"

எனக்குத் தெரியவில்லை. நிலப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம் மெரினாவை எப்படி நீட்டி அளந்தாலும் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டாது. பக்கத்தில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் கடற்கரையே 120 கிலோமீட்டர். பிரேசிலின் காசினோ கடற்கரை 200 கிலோமீட்டருக்கு மேல். நாற்பது ஆண்டுகளாக நான் நம்பியிருந்தது ஒரு மணி நேரத்தில் கலைந்துபோனது.

கேள்வியை ரத்து செய்கிறேன், தவறு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்று குழுவில் எழுதினேன். ஒருவருக்குக் கோபம் வந்தது. "நம் மெரினாவைக் குறைத்துச் சொல்வதில் உங்களுக்கு என்ன மகிழ்ச்சி?" என்று கேட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. நானும் அந்த மணலில் சுண்டல் தின்று வளர்ந்தவள்தான். ஒரு பெருநகரத்தின் நடுவே, பஸ்ஸில் இறங்கி நடந்தால் எவரும் கட்டணமின்றிக் கால் நனைக்கக்கூடிய இவ்வளவு அகலமான மணற்பரப்பு நமக்கு இருக்கிறது, அதைப் பெருமையாகச் சொல்ல இரண்டாவது இடம் எதற்கு என்று பதில் எழுதினேன். அடுத்த வாரம் அவர் விடை அனுப்பினார். அது போதும்.

அதிலிருந்து மிகப்பெரிய, மிக நீளமான, முதன்முதல் என்று தொடங்கும் எந்தக் கேள்வியையும் அந்தப் பெண் கேட்ட கேள்வியை வைத்தே சோதிக்கிறேன். இரண்டாவது மெரினா என்றால் முதலாவது எது? எதை வைத்து அளந்தார்கள்? இதற்குப் பதில் கிடைக்காவிட்டால் கேள்வி குழுவுக்குப் போகாது. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்பதும் இந்த வகைதான். 2003-ல் விண்வெளிக்குப் போன சீன வீரர் யாங் லிவேய், பூமியைச் சுற்றி வந்தபோதே சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். நிலவு எங்கே, அது எங்கே. நம் தேசிய விளையாட்டு ஹாக்கி என்பதும் அப்படியே. எந்த விளையாட்டையும் அவ்வாறு அறிவிக்கவில்லை என்று 2012-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மத்திய அரசே பதில் அளித்திருக்கிறது. ஊரறிந்த செய்தியைத்தான் இரண்டு மடங்கு சரிபார்க்க வேண்டும். யாரும் அறியாத செய்தியில் நாமே எச்சரிக்கையாக இருப்போம். எல்லோருக்கும் தெரிந்ததில்தான் அசந்துவிடுகிறோம்.

நேற்றுச் சரியாக இருந்த விடை இன்று தவறாகிப்போவதும் உண்டு. என்னிடம் இருந்த பழைய பொது அறிவு நூலில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். 2019-ல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் சேர்ந்து 37 ஆனது. 2020 முடிவதற்குள் மயிலாடுதுறையோடு 38. கஜகஸ்தானின் தலைநகர் 2019 வரை அஸ்தானா, பிறகு நூர்சுல்தான், 2022-ல் மீண்டும் அஸ்தானா. ஆகவே என் கேள்விக் குறிப்பேட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே சரிபார்த்த தேதியை எழுதுகிறேன். ஆறு மாதம் ஆகியிருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். சந்தேகம் தீராதவற்றை மாதத்தில் ஒரு சனிக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு எடுத்துக்கொண்டு போவேன். ஒரே செய்தியை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பத்து இடங்களில் படிப்பதைவிட, தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டு நூல்களில் பார்ப்பது எவ்வளவோ மேல்.

அதே குறிப்பேட்டில் இன்னொரு பத்தி உண்டு: எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள். முப்பது பேரில் எல்லோரும் சொன்ன கேள்வியும் வேண்டும், ஒருவரும் சொல்லாத கேள்வியும் எப்போதாவது வேண்டும். முதல் கேள்வி எப்போதும் எல்லோருக்கும் தெரிந்ததாகவே இருக்கட்டும். முதல் கேள்வியிலேயே தடுக்கி விழுந்தவர்கள் அடுத்ததைப் படிப்பதில்லை. நடுவில் நான்கைந்து யோசித்தால் வருபவை. கடைசிக் கேள்வி கடினமாக இருக்கலாம், யாரும் அதற்காக வருத்தப்பட மாட்டார்கள். எளிது என்று நான் நினைத்துப் போட்டவற்றில் பாதிக்கு மேல் எளிதாக இருந்ததில்லை என்பதை அந்தப் பத்திதான் காட்டியது. விடை தெரிந்தவர் கண்ணுக்கு எல்லாக் கேள்வியும் எளிதுதான். ஆகையால் ஞாயிறு மதியம் என் கணவரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

மதுரையிலிருந்து வந்து குடியேறிய ஒருவர் இன்னொரு குறையைச் சொன்னார். "சென்னைக் கேள்விகள் அதிகமாக இருக்கின்றன அக்கா. நாங்கள் இங்கே வளரவில்லையே." எண்ணிப் பார்த்தேன். நான்கு வாரத்தில் பதினாறு கேள்விகள் சென்னையைப் பற்றியவை. எனக்குப் பிடித்ததை எல்லாம் பொது அறிவு என்று நான் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வாரத்துக்கு இரண்டுக்கு மேல் இல்லை. சென்னை தினம் வரும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிய ஒரு வாரம் மட்டும் விலக்கு.

பரிசைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொடக்கத்தில் வென்றவர் அடுத்த வாரம் கேள்வி கேட்க வேண்டும் என்று வைத்தேன். இரண்டு பேர் அதற்குப் பயந்தே வேண்டுமென்று ஒரு விடையைத் தவறாக எழுதினார்கள் என்று பின்னால் தெரிந்தது. இப்போது வென்றவர் ஒரே ஒரு கேள்வி தரலாம், விரும்பினால். கூட்டு மதிப்பெண்ணை மாதம் முடிந்ததும் அழித்துவிடுகிறேன். ஆண்டு முழுவதும் சேர்த்தால் நடுவில் வருகிறவர்களுக்கு ஆர்வம் போய்விடுகிறது. தீர்ப்பில் தகராறு வந்தால், மறுப்பவர் ஆதாரத்தைக் காட்டினால் இரண்டு விடைக்கும் மதிப்பெண், என் தவறு என்றால் குழுவிலேயே ஒப்புக்கொள்வது. தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குழுவில் மௌனமாக இருந்தால் அடுத்த வாரம் யாரும் நம் விடையை நம்ப மாட்டார்கள்.

சென்ற மாதம் ஒரு கேள்வி முதன்முறையாக ஒரு வாரம் திறந்தே கிடந்தது. "அவன் சரியான எம்டன் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த எம்டன் யார்?" சொல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மல்யுத்த வீரர் என்றார் ஒருவர், வெள்ளைக்காரத் துரை என்றார் இன்னொருவர். சரியான விடை அரை மணி நேரத்தில் வரவில்லை. அடுத்த ஞாயிறு வரை நேரம், தேடலாம், நேரில் போய்ப் பார்க்கவும் முடியும் என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டேன்.

ஐந்தாண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்ய முடியவில்லை என்று கூப்பிட்ட அதே தாத்தாவும் அவருடைய பேரனும் சனிக்கிழமை காலை பழவந்தாங்கலில் ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கியிருக்கிறார்கள். பதினொரு மணிக்கு எனக்கு ஒரு படம் வந்தது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் பதித்த கல்வெட்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைமீது குண்டு வீசியதன் நினைவாக வைத்தது. படத்தின் ஓரத்தில் தாத்தாவின் விரல் தெரிந்தது. தொடர்ந்து பேரனின் குரல் பதிவு: "ஆன்ட்டி, எம்டன் ஆளே இல்லை, கப்பல்! தாத்தா இன்னும் கல்லைத் தடவிக்கொண்டு நிற்கிறார். துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டி எந்தப் பக்கம் எரிந்தது என்று கேட்கச் சொல்கிறார்."